இன்ஜினியரிங் முடிச்சுட்டு ஆர்மியா, இல்ல கம்பெனி வேலையா? கரூர் தம்பி கேட்டது

14 ஜூலை 2024, இரவு 9.50

வந்த கேள்விய அப்படியே போடறேன்:

"அண்ணா, மெக்கானிக்கல், இப்ப ஃபைனல் இயர். 7.4 சிஜிபிஏ. ஒரு அரியர் இருந்துச்சு, க்ளியர் பண்ணிட்டேன். காலேஜ்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வந்து மூணரை லட்சம் பேக்கேஜ்ல எடுத்துருக்கு. எனக்கு கோடிங் சுத்தமா பிடிக்கல. ஆர்மில ஆபீசரா சேரலாம்னு ரொம்ப நாளா ஆசை. அம்மா அழுவுறாங்க. மாமா 'இன்ஜினியரிங் படிச்சுட்டு பட்டாளத்துக்குப் போறியா, அதுக்கு எட்டாவது போதுமே'ன்னு கிண்டல் பண்றாரு. எஜுகேஷன் லோன் வேற இருக்கு. சேரலாமா வேண்டாமா, நேரா சொல்லுங்க."

நேரா சொல்ல முடியாது தம்பி. நீ கேக்கறது ஒரு கேள்வி இல்ல, நாலு கேள்வி ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உக்காந்துருக்கு. நான் எஸ்எஸ்சி டெக்ல (இன்ஜினியர்களுக்கான ஷார்ட் சர்வீஸ் ஆபீசர் என்ட்ரி) போய் ஈஎம்இ-ல (ஆர்மியோட வண்டி, ஆயுதம் ரிப்பேர் பாக்கற பிரிவு) பத்து வருஷம் இருந்து வெளிய வந்தவன். எங்கப்பா எம்இஜி-ல, அதாவது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்ல, ஹவில்தார். ஊரு வேலூர் பக்கம், கம்மவான்பேட்டைலருந்து கூப்பிடு தூரம். ராணுவப்பேட்டைன்னே பேர் வாங்கின ஊரு அது, வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம். அதனால எனக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். இன்னைக்கு தூக்கம் வருது, நாளைக்கு எழுதறேன்.

15 ஜூலை, காலை 6.30

முதல்ல மாமாவ முடிச்சுடுவோம். அவரு சொல்றது ஜவானா சேர்றது. 2022 ஜூன்ல அக்னிபத் வந்தப்புறம் அதுவும் மாறிடுச்சு, நாலு வருஷம், அதுல 25 சதவீதம் பேர தான் வெச்சுக்குவாங்க. நீ கேக்கறது அது இல்ல. நீ போனா லெப்டினன்ட், ஆபீசர்ல முதல் படி. வீட்ல இந்த வித்தியாசத்த முதல் நாளே புரிய வெச்சுடு, இல்லன்னா நீ ஆறு மாசமா ஒண்ணு பேசுவ, அவங்க வேற ஒண்ணு பேசுவாங்க. எங்க வீட்ல மட்டும் இந்தப் பிரச்சன இல்ல, அப்பாவுக்கு ஆபீசர்னா யாருன்னு நல்லாத் தெரியும். அவர் கேட்டது வேற மாதிரி இருந்துச்சு. "உன்ன சார்னு கூப்பிடப் போறவனுக்கு என் வயசு இருக்கும், அவன்கிட்ட எப்படி நடந்துக்கணும்னு தெரியுமாடா உனக்கு?" அவ்ளோதான் கேட்டாரு. பதில் சொல்லத் தெரியல எனக்கு.

15 ஜூலை, இரவு 10.15

வழிகள சுருக்கமா சொல்றேன், ஏன்னா இதெல்லாம் நோட்டிபிகேஷன்லயே இருக்கு.

எஸ்எஸ்சி டெக்: எழுத்துத் தேர்வு கிடையாது. வயசு 20லருந்து 27. ஃபைனல் இயர் பசங்க ஆறாவது செமஸ்டர் வரைக்கும் உள்ள மார்க்க வெச்சு போடலாம். ஸ்ட்ரீம் வாரியா கட் ஆஃப் வெச்சு ஷார்ட்லிஸ்ட் பண்ணி எஸ்எஸ்பி-க்கு (ஆபீசர் எடுக்கற அஞ்சு நாள் தேர்வு) கூப்பிடுவாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவ வரும், இந்த ஜூலை ஆகஸ்ட் ஒண்ணு, ஜனவரி பிப்ரவரி வாக்குல இன்னொண்ணு. ட்ரெய்னிங் நம்ம பரங்கிமலை ஓடிஏ-ல (ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமி) 49 வாரம். பத்து வருஷ சர்வீஸ், வேணும்னா இன்னும் நாலு.

டிஜிசி (டெக்னிக்கல் கிராஜுவேட் கோர்ஸ்): இதுவும் இன்ஜினியர்களுக்குதான், டேராடூன் ஐஎம்ஏ-ல (மிலிட்டரி அகாடமி) ட்ரெய்னிங், நேரா பெர்மனன்ட் கமிஷன், அதாவது ரிட்டயர் ஆகற வரைக்கும் ஆபீசர். சீட்டு ரொம்பக் கம்மி.

சிடிஎஸ்: முப்படை ஆபீசர் வேலைக்கு யூபிஎஸ்சி நடத்தற எழுத்துத் தேர்வு. ஓடிஏ-வுக்கு மட்டும்னா இங்கிலீஷ், ஜிகே ரெண்டு பேப்பர் தான், கணக்கு கூட கிடையாது. உன் மார்க் கட் ஆஃப்ல அடிபட்டுச்சுன்னா இதான் வழி. டிசம்பர்ல நோட்டிபிகேஷன் வரும், ஏப்ரல்ல எக்ஸாம்.

என்சிசி சி சர்டிபிகேட் பி கிரேடோட இருந்தா அதுக்குத் தனி என்ட்ரி இருக்கு. ஏர்ஃபோர்ஸ்னா ஆஃப்கேட்னு தனி எக்ஸாம். நேவிக்கும் தனியா இருக்கு, எனக்கு அந்தப் பக்கம் பழக்கம் இல்ல.

எல்லாத்துக்கும் அப்புறம் எல்லாரும் போய் நிக்கிற இடம் ஒண்ணுதான், எஸ்எஸ்பி. அதனாலதான் சேரலாமா வேண்டாமான்னு இப்பவே மண்டைய உடைச்சுக்காதன்னு சொல்றேன். எஸ்எஸ்சி டெக்குக்கு அப்ளிகேஷன் போட காசு கிடையாது. முதல் தடவ எஸ்எஸ்பி போறவனுக்கு தேர்ட் ஏசி சார்ஜ் அவங்களே குடுத்துடுவாங்க. பெங்களூரு கப்பன் ரோட்ல செலக்ஷன் சென்டர், உனக்கு ராத்திரி ரயில் ஏறினா காலைல எறங்கலாம். (அலகாபாத், போபால், ஜலந்தர் வந்தாலும் வரும், சந்தோஷமா போயிட்டு வா.)

17 ஜூலை

எஸ்எஸ்பி பத்தி நாலு பேர் கேட்டுட்டீங்க. அஞ்சு நாள் கூத்து அது. முதல் நாள் ஸ்க்ரீனிங். ஒரு மங்கலான படத்த 30 செகண்ட் காட்டுவாங்க, நாலு நிமிஷத்துல கதை எழுதணும், அப்புறம் பதினஞ்சு பேர் வட்டமா உக்காந்து எல்லாரோட கதையையும் பேசி ஒரே கதையா கொண்டு வரணும். அங்க நடக்கறதுக்குப் பேரே மீன் மார்க்கெட். எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவான். சாயங்காலத்துக்குள்ள பாதிக்கு மேல பெட்டியக் கட்டி பஸ்ல ஏத்தி ஸ்டேஷன்ல விட்டுருவாங்க.

தாண்டினவனுக்கு அடுத்த நாள் சைக்காலஜி. வார்த்தை ஒவ்வொண்ணா வரும், 60 வார்த்தை, ஒவ்வொண்ணுக்கும் 15 செகண்ட், மனசுல பட்டத வாக்கியமா எழுதணும். படத்தப் பாத்து கதை பன்னெண்டு, அதுல கடைசி படம் வெத்துப் பேப்பர். 60 சிச்சுவேஷன் அரை மணி நேரத்துல. கை வலிக்கும், அதைவிட எதையும் மறைக்க நேரம் இருக்காது, அதுக்குத்தான் அந்த டெஸ்டே.

இங்கதான் நம்ம பசங்க சொதப்புறது. சென்னைல ஒரு கோச்சிங் சென்டர்ல காசு கட்டி, "கரேஜ்"னு வந்தா இத எழுது, "டெத்"னு வந்தா அத எழுதுன்னு முந்நூறு வாக்கியம் மனப்பாடம் பண்ணிட்டு வருவான். எங்க பேட்ச்ல ரெண்டு பேர் ஒரே சென்டர், ஒரே வாக்கியம் எழுதிருக்கானுங்கன்னு ரூமுக்கு வந்தப்புறம் அவனுங்களே சொல்லி சிரிச்சானுங்க. ரெண்டு பேருமே செலக்ட் ஆகல. நான் கோச்சிங் போகவே கூடாதுன்னு சொல்லல. இங்கிலீஷ்ல பேசக் கூச்சமா இருந்தா போ, கூச்சம் தெளியும். அதுக்கு மேல அவங்க குடுக்கறது ஒண்ணும் இல்ல.

17 ஜூலை, கொஞ்ச நேரம் கழிச்சு

இன்டர்வியூல நாட்டுப்பற்று பத்தி பேசணுமான்னு ஒரு தம்பி கேட்டுருக்கான். யாரும் அதைக் கேக்கறதே இல்லப்பா. என்கிட்ட கேட்டது, வீட்ல என்ன பைக் இருக்கு? எத்தன சிசி? மைலேஜ் ஏன் கொறையுது? கடைசியா நீயே கழட்டினது எது? மெக்கானிக்கல் படிச்சேன்னு எழுதினா டிஃபரன்ஷியல் எப்படி வேல செய்யுதுன்னு வரைஞ்சு காட்டச் சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி பத்தாவதுலருந்து மார்க், பிடிச்ச வாத்தியார், பிடிக்காத வாத்தியார், ஏன் பிடிக்கல, ஃப்ரண்ட்ஸ் யாரு, அவங்ககிட்ட உனக்குப் பிடிக்காதது என்ன, வீட்ல யார்கிட்ட காசு கேப்ப, எல்லாத்தையும் மூச்சு விடாம ஒரே கேள்வியா கேட்டுட்டு சாஞ்சு உக்காந்துக்குவாரு. நீ எதையெல்லாம் விடறன்னு அவர் பாப்பாரு.

20 ஜூலை

இப்ப உன் கேள்விக்கு வரேன். மூணு நாளா யோசிச்சுட்டுதான் எழுதறேன்.

"கோடிங் பிடிக்கல"ன்னு எழுதிருக்க பாரு, அதான் என்ன உறுத்துது. ஒண்ணு பிடிக்கலங்கறதுக்காக இன்னொண்ணுல சேர்றவன் ஓடிஏ-ல மூணாவது வாரத்துலயே முழிப்பான். மெக்கானிக்கல் மேல ஆசை, மெஷின் மேல ஆசை, அதனால ஆர்மின்னா, அங்க போயும் நீ நெனைக்கிற இன்ஜினியரிங் இருக்காது. டிகிரி உன்ன உள்ள விடற டிக்கெட். உள்ள போனப்புறம் வேலையே வேற.

ஒண்ணு சொல்றேன். லடாக்ல ஒரு யூனிட்ல நான் எல்ஏடி பாத்துட்டு இருந்தேன். எல்ஏடின்னா வண்டி ஆயுதம் எல்லாம் ரிப்பேர் பாக்கற சின்ன டீம். குளிர் காலத்துல காலைல நாலரைக்கு எங்க பசங்க எந்திரிச்சு, ராத்திரி ரூமுக்குள்ள புகாரி (குளிருக்கு மூட்டற அடுப்பு) பக்கத்துல வெச்சிருந்த பேட்டரிய தூக்கிட்டுப் போய் வண்டில மாட்டி, ப்ளோலேம்ப் பத்தவெச்சு எஞ்சின் சம்ப்புக்கு அடியில காட்டுவாங்க, ஆயில் இளகணும்ல. ஸ்டாலியன் வண்டி, நம்ம அசோக் லேலண்டுதான். அதுல மெட்ராஸ் வாட அடிக்குதுன்னு நான் ஜோக் அடிச்சா ஒருத்தனும் சிரிக்க மாட்டான்.

அன்னைக்கு கான்வாய்ல பத்து வண்டி போகணும், ஒண்ணுல மட்டும் சத்தம் சரியில்ல. எங்க சுபேதார் சாப் காத வெச்சே சொல்லிட்டாரு, இன்ஜெக்டர் பம்ப்ல கோளாறு இருக்கு, ஏத்தத்துல பழி வாங்கும்னு. நான் நாலு வருஷம் படிச்ச ஐசி எஞ்சின் பாடத்த விட அவரு காது பெருசு. அத கண்டுபிடிக்க நான் தேவையே இல்ல. நான் எதுக்குத் தேவைன்னா, போன்ல மேலருந்து "வண்டி கிளம்பிடுச்சா"ன்னு கேக்கும்போது "அந்த வண்டி போகாது சார், சாமான மத்த வண்டில பிரிச்சு ஏத்தறேன், ஒரு மணி நேரம் லேட் ஆகும், என் பொறுப்பு"ன்னு சொல்றதுக்கு. அப்புறம் திரும்பி, அந்தக் குளிர்ல ஏத்தின சாமான எறக்கி ஏத்துங்கடான்னு பசங்ககிட்ட சொல்லி, சொல்லிட்டு ரூமுக்குப் போகாம அங்கயே நிக்கிறதுக்கு.

அந்த வேல உனக்குப் பிடிக்குமா? 24 வயசுல? இதுக்கு ஆமான்னு தோணிச்சுன்னா மத்ததெல்லாம் சமாளிக்கலாம். மெஷின்தான் வேணும்னா யூனிஃபார்ம் இல்லாமலே ராணுவத்துக்கு வேல செய்யலாமே. ஆவடில சிவிஆர்டிஇ-ன்னு டிஆர்டிஓ-வோட (ராணுவ ஆராய்ச்சி அமைப்பு) லேப் இருக்கு, அர்ஜுன் டாங்க் அங்க டிசைன் ஆனதுதான். டிஆர்டிஓ-வுக்கு கேட் எக்ஸாம் எழுது. சிவில் பசங்களுக்கு எம்இஎஸ் (ராணுவக் கட்டடங்களக் கட்டறவங்க), பார்டர் ரோட்ஸ் இருக்கு, அது ஈஎஸ்இ (யூபிஎஸ்சி-யோட இன்ஜினியரிங் தேர்வு) எழுதிப் போறது.

20 ஜூலை, இரவு

ஒருத்தர் சண்டைக்கு வந்துட்டாரு, "ஆர்மில டெக்னிக்கல் வேலையே இல்லன்னு சொல்றீங்களா"ன்னு. இல்ல சார். செகந்திராபாத்ல ஈஎம்இ காலேஜ், பூனாவுல மிலிட்டரி இன்ஜினியரிங் காலேஜ், மோவ்ல சிக்னல்ஸ் காலேஜ், எல்லாம் நல்ல படிப்பு. செலக்ட் ஆனா ஐஐடி-ல எம்டெக் அனுப்பறாங்க, என் சீனியர் ஒருத்தர் அப்படிப் போனவர். ஆனா முதல் நாலஞ்சு வருஷம் உன் வேல ஆளுங்களோடதான், அத மட்டும்தான் சொன்னேன்.

21 ஜூலை, ஞாயிறு

காசு. லோன் இருக்குன்னு சொன்னேல்ல. ட்ரெய்னிங்லயே மாசம் 56,100 ஸ்டைபண்ட். ட்ரெய்னிங் முடிச்சு கமிஷன் ஆனா, அதாவது ஆபீசர் ஆனா, சம்பள லெவல் 10, அதே 56,100 அடிப்படை, மேல மிலிட்டரி சர்வீஸ் பே 15,500, டிஏ தனி, போஸ்டிங்க பொறுத்து மத்த அலவன்ஸ். ரெண்டு வருஷத்துல கேப்டன், ஆறுல மேஜர். மூணரை லட்சம் பேக்கேஜோட ஒப்பிட்டா கேள்வியே இல்ல, லோன் ஈஸியா அடையும்.

ஆனா பத்தாவது வருஷம் பாரு. உன் கூட படிச்சு சாஃப்ட்வேர் போனவன் எங்கயோ போயிருப்பான். உனக்கு 33, 34 வயசு. பென்ஷன் கிடையாது, அதுக்கு ஆபீசருக்கு 20 வருஷம் வேணும். பெர்மனன்ட் கமிஷன் கேக்கலாம், அவங்க செலக்ட் பண்ணணும். கெடைக்கலன்னா நாலு வருஷம் நீட்டிக்கலாம், அந்த நாலு வருஷத்துக்கு நடுவுல எப்ப வேணா விட்டுட்டும் வரலாம். வெளிய வந்து நான் ஆறு மாசம் திண்டாடினேன். இன்டர்வியூல "நீங்க என்ன சாஃப்ட்வேர் யூஸ் பண்ணுவீங்க"ன்னு கேப்பான், நான் என்னத்த சொல்ல. இப்ப ஒரு ஃபேக்டரில மெயின்டனன்ஸ் பாக்கறேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா என் பாஸ் என்ன விட சின்னப் பையன். கசப்பா சொல்லல. உள்ள இருக்கும்போதே எட்டாவது வருஷத்துலருந்து அடுத்தது என்னன்னு யோசிக்கணும்.

21 ஜூலை, மதியம், பிரியாணி சாப்பிட்டுட்டு

பாண்ட் (எழுதிக் குடுக்கற ஒப்பந்தம்) பத்தி காலைல சொல்லாம விட்டது. ஃபைனல் இயர்ல செலக்ட் ஆகி ஓடிஏ போறவன், சொன்ன தேதிக்குள்ள டிகிரி சர்டிபிகேட் குடுக்கணும். ஒரு அரியர் மாட்டிக்கிச்சுன்னா வெளிய அனுப்பறதோட ட்ரெய்னிங் செலவையும் திருப்பிக் கேப்பாங்க. கடைசி செமஸ்டர்ல "எப்டியும் ஆர்மி போறோம்ல"ன்னு ப்ராஜெக்ட்ல கோட்டை விடாத. கம்பெனி ஆஃபரையும் கையில வெச்சுக்கோ. எஸ்எஸ்பி-ல ரெக்கமண்ட் ஆனாலும் மெடிக்கல் இருக்கு, மெடிக்கல் தாண்டினாலும் மெரிட் லிஸ்ட் இருக்கு.

மெடிக்கல்ல பெரிய வியாதி எதுவும் தேவையில்ல, காதுல அழுக்குக்கே டெம்பரவரி ரிஜெக்ட் போடுவாங்க. நிக்கும்போது முட்டி இடிக்குதா, பாதம் தட்டையா இருக்கா, மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கா, எடை கூடவா, கண்ணு. இப்பவே ஒரு டாக்டர்கிட்ட காட்டிடு. பச்சை குத்தறது முன்கை உள்பக்கம், புறங்கை இவ்ளோதான் அனுமதி. நெஞ்சுல தலைவர் படம் குத்திருந்தா தலைவருக்கே போன் போட்டு வேல கேளு.

24 ஜூலை

அம்மா அழுகறாங்கன்னு எழுதினியே. இத எழுதாம தள்ளிப் போட்டுட்டே இருக்கேன்.

ஓடிஏ-ல பரேட் நடக்கற மைதானத்துக்கு பேரு பரமேஸ்வரன் ட்ரில் ஸ்கொயர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், அங்க ட்ரெய்ன் ஆனவர், 1987 நவம்பர்ல இலங்கைல இறந்தாரு, பரம் வீர் சக்ரா. அந்த மைதானத்துல தினமும் செருப்படி மாதிரி வாங்குவோம், பேர யாரும் யோசிக்க மாட்டோம். திருச்சி மேஜர் சரவணன் 1999 மே மாசம் படாலிக்ல. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014ல ஷோபியான்ல. ரெண்டு பேரும் அதே ஓடிஏ. டெக்னிக்கல் ஆர்ம்ஸ்னா ஒண்ணும் ஆகாதுன்னு அம்மாகிட்ட பொய் சொல்லாத. கண்ணிவெடி எடுக்கறது இன்ஜினியர்ஸ், ரோட்ல நின்ன வண்டிய இழுத்துட்டு வரப் போறது ஈஎம்இ. பெரும்பாலான ஆபீசர் முழுசா சர்வீஸ் முடிச்சு வீட்டுக்கு வந்து தொப்ப போடறாங்க, அது உண்மை. அதையும் சொல்லு, இதையும் சொல்லு. எங்கம்மா பட்டாளத்துக்காரர் பொண்டாட்டி, அவங்களுக்கே நான் லடாக்ல இருந்த ரெண்டு குளிர்காலமும் போன் அடிச்சா கை நடுங்கும்னு என் தங்கச்சி பிற்பாடுதான் சொன்னா.

25 ஜூலை

ஹிந்தி. எல்லாரும் கேக்கற கேள்வி. எஸ்எஸ்பி இங்கிலீஷ்தான், ஹிந்தி தெரியாதுன்னு யாரும் கழிக்க மாட்டாங்க. ஓடிஏ-ல தானா வந்துடும், திட்டு வாங்கறதுலருந்து ஆரம்பிக்கும், அதனால கெட்ட வார்த்தை முதல்ல வரும், வணக்கம் சொல்றது கடைசில வரும். உன் ஜவான் ராஜஸ்தான்காரன்னா அவன் பாஷைல அவன் வீட்டுக் கஷ்டம் உனக்குப் புரியணும், அவ்ளோதான் விஷயம். இதே எம்இஜி-ல போஸ்ட் ஆன பஞ்சாப்காரர் தமிழ் கத்துக்கிட்டு வேல பாப்பாரு, அங்க ஜவானுக்குப் பேரே தம்பி. அப்பாவோட பழைய ஆபீசர் ஒரு சர்தார்ஜி, எங்க வீட்டுக்கு வந்து "என்னப்பா சௌக்கியமா, கொழம்பு ஜோரு"ன்னு பேசினது இன்னைக்கும் எங்க தெருல கதை.

பரங்கிமலை வெயில்ல முதல் மாசம் வடக்கத்திப் பசங்க சுருண்டு விழுவானுங்க, நாம சிரிக்கலாம். சாப்பாட்டு மேசைல ஸ்பூன், ஃபோர்க்ல சப்பாத்தி சாப்பிடச் சொல்லும்போது எல்லாரும் சமம்.

26 ஜூலை

திருச்சிலருந்து ஒரு தங்கச்சி, ஈசிஈ, "பொண்ணுங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா"ன்னு. பொருந்தும்மா. எஸ்எஸ்சி டெக்ல பெண்களுக்குத் தனி சீட், அதே ஓடிஏ, அதே 49 வாரம். 1992லருந்து எடுக்கறாங்க. 2020 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்புறம் பெர்மனன்ட் கமிஷனும் கேக்கலாம். ட்ரெய்னிங் முடியற வரைக்கும் கல்யாணம் பண்ணக் கூடாது, அது ஆம்பளப் பசங்களுக்கும்தான். வீட்ல ஜாதகம் தூக்கறதுக்கு முன்னாடி இந்த விதிய காட்டு, உபயோகமா இருக்கும்.

(ஆம்பளைங்களுக்கு பொண்ணு குடுப்பாங்களான்னு கேட்டவருக்கு: எனக்கு ஏழு எடத்துல இல்லன்னுட்டாங்க. எட்டாவது எடத்துல பொண்ணோட அப்பா ஏர்ஃபோர்ஸ்.)

2 ஆகஸ்ட்

கரூர் தம்பி எழுதிருக்கான், அப்ளிகேஷன் போட்டுட்டானாம், அம்மா இன்னும் சரியா பேசலயாம், கம்பெனி ஆஃபரையும் விடலயாம். நல்லது. "அந்த வண்டி விஷயத்த படிச்சப்புறம்தான் போட்டேன், எங்க காலேஜ் ஃபெஸ்ட்ல ஜெனரேட்டர் ஆள நான்தான் மேய்ச்சேன், அது எனக்குப் பிடிச்சுது"ன்னு எழுதிருக்கான். அந்தக் கதைய இன்டர்வியூல சொல்லு, நடந்தத நடந்தபடி, டீசல் தீந்துபோனதையும் சேத்து.

சும்மா இருக்காம டெய்லி ஓடு. ரெண்டரை கிலோமீட்டர் நிக்காம வரணும் முதல்ல. எஸ்எஸ்பி-ல தாண்ட வேண்டிய தடைகள் பத்து இருக்கும், மூணு நிமிஷம், எல்லாத்தையும் முடிக்கணும்னு இல்ல, ஆனா கயிறு ஏறத் தெரியாம போகாத.

3 ஆகஸ்ட்

எஸ்எஸ்பி-க்கு என்ன எடுத்துட்டுப் போகணும்னு கேட்டதுக்குப் பதில்: வெள்ள ஷர்ட், வெள்ள ஷார்ட்ஸ், வெள்ள ஷூ ரெண்டு செட், ஃபுல் ஃபார்மல் ரெண்டு. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம், ஃபோட்டோ ஒரு இருபது. அங்க உன்னப் பத்தி நிரப்பச் சொல்ற பிஐக்யூ ஃபார்ம்ல ஹாபின்னு "ரீடிங் புக்ஸ்" போடாத, கடைசியா படிச்சது எதுன்னு கேட்டா முழிப்ப. உனக்குத் தெரிஞ்சத போடு, சேவல் வளக்கறது, பம்ப் செட் ரிப்பேர், எதுவா இருந்தாலும். அப்பாவோட வருமானத்த கூட்டிக் கொறச்சு எழுதாத. ரயில் டிக்கெட்ட பத்திரமா வெச்சுக்கோ, சார்ஜ் குடுக்கும்போது கேப்பாங்க.